நாலு பிளேட்டும் ஒரு இடுப்பெலும்பும்

எலும்புக்கூட்டைப் பார்த்ததும் ஹமீது சுல்தான் முதலில் சலாம் வைத்தான். கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய அது கடற்காற்றில் லேசாக ஆடி, பதில் மரியாதை செய்வதுபோலத் தலையை அசைத்தது. ஹமீது இரண்டடி பின்வாங்கி உமையாளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

உமையாள் அசையவில்லை. பெண்கள் சிறையில் வார்டராக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு, இராமநாதபுரத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் திறந்தவள் அவள். பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு முகமே கதவு மாதிரி ஆகிவிட்டது. ஹமீது அவளிடம் சேர்வதற்கு முன் டூரிங் டாக்கீஸ் ஒன்றில் வேலை பார்த்தவன். மாட்டுவண்டியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் படத்துக்கு விளம்பரம் சொன்ன தொண்டை. அவன் காதோடு ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

உச்சிப்புளிக்குச் சற்று இந்தப் பக்கம், மண்டபம் சாலையை ஒட்டி இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர்களை அழைத்தவர் டாக்டர் மரியசூசை. பிரான்ஸ் தேசத்தில் எலும்பு வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை இங்கே வந்து கத்தி பிடிப்பார். இன்று கத்தி இருந்தது, நோயாளி இருந்தார், பிளேட்டு இல்லை.

டாக்டர் எலும்புக்கூட்டின் இடுப்பைத் திருப்பிக் காட்டி விளக்கினார். இடுப்பெலும்பில் கிண்ணம்போல ஒரு குழி உண்டு. தொடையெலும்பின் உருண்டை அதில் உட்கார்ந்து சுழலுவதால்தான் மனிதன் நடக்கிறான், உட்காருகிறான். நயினார்கோவில் பக்கத்து மிளகாய் விவசாயி முத்தழகுக்கு அந்தக் கிண்ணத்தின் பின்சுவர் உடைந்துவிட்டது. வழக்கமாக இதற்குக் காலில் எடை கட்டி, மாதக்கணக்கில் படுக்கப் போடுவார்கள். எழுந்தபின் ஆயுசுக்கும் விந்தி விந்திதான் நடக்க வேண்டும். டாக்டர் கற்றுவந்த புது முறையில், உடைந்த சுவரைப் பொருத்தி, அதன்மேல் வளைந்த எஃகுப் பிளேட்டு ஒன்றை வைத்துத் திருகாணி போட்டு இறுக்கிவிடுவார்கள்.

"உடைஞ்ச அண்டாவுக்கு ஒட்டுப் போடுற மாதிரின்னு சொல்லுங்க" என்றான் ஹமீது.

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பேராசிரியர் இதை விளக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.

அந்தப் பிளேட்டை நேற்று மாலை இதே எலும்புக்கூட்டின் இடுப்பில் வைத்துப் பார்த்துப் பார்த்து அவர் கையாலேயே வளைத்திருந்தார். இருந்ததே அது ஒன்றுதான். அடிபட்டு ஏற்கெனவே இரண்டு வாரம் ஓடிவிட்டது. மூன்றாவது வாரமும் போனால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், அதன்பின் எந்தப் பிளேட்டும் உதவாது. நாளை காலை ஆபரேஷன் முடித்துவிட்டுச் சாயங்கால ரயிலில் அவர் மதுரைக்குப் போக வேண்டும்.

பிளேட்டு காணாமல் போன அறையை அருள்மேரி சிஸ்டர் காட்டினாள். இராமேஸ்வரம் தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். எதையும் வலை இழுப்பதுபோல் ஒரே இழுப்பில் சொல்லி முடிப்பாள். தட்டில் துணி சுற்றி வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் பிளேட்டு இல்லை, திருகாணிகளும் துளைபோடும் கருவியும் அப்படியே இருக்கின்றன, அவ்வளவுதான் என்றாள்.

உமையாள் துணியைப் பார்த்தாள். நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு ஒட்டி வைத்திருந்தது. சிஸ்டர் மடித்தாளா என்று கேட்டாள். இல்லை என்றாள் சிஸ்டர்.

"திருட வந்த இடத்துல துணி மடிச்சு வச்சிட்டுப் போறவன் எவன்க்கா? டோபிதான்" என்றான் ஹமீது.

உமையாள் ஆஸ்பத்திரியில் வேறு ஏதாவது காணோமா என்று விசாரித்தாள். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. இங்கே சாமான் காணாமல் போகிறதே இல்லை என்றாள். பிறகு, எக்ஸ்ரே பிளேட்டு ஒன்று மட்டும் எங்கேயோ கைமறதியாக வைத்துவிட்டார்கள் என்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டதில், டாக்டர் சாப்பிடும் பூப்போட்ட பீங்கான் பிளேட்டையும் காலையிலிருந்து காணோம் என்பது தெரிந்தது. கடைசியில் முகம் சிவக்க, நர்ஸுகள் தங்கும் அறையில் இருந்த கிராமபோன் பிளேட்டு ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டாள்.

ஹமீது விரல்விட்டு எண்ணினான். ஒரு திருடன் எலும்புக்கு, ஒருத்தன் எக்ஸ்ரேக்கு, ஒருத்தன் சாப்பாட்டுக்கு, ஒருத்தன் பாட்டுக்கு. இந்த ஊரில் திருடர்கள் சங்கம் வைத்து ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தன் முடிவை அறிவித்தான்.

"ஒரே ஆளுதான்" என்றாள் உமையாள். "நாலுக்கும் பேரு ஒண்ணு. பிளேட்டு. எடுத்தவருக்கு அந்தப் பேரு மட்டும்தான் தெரியும், எந்தப் பிளேட்டுன்னு தெரியாது. அதான் பிளேட்டுன்னு சொல்ற எல்லாத்தையும் அள்ளிட்டாரு."

ஹமீதுக்குப் பொறாமையாக இருந்தது. இது தனக்குத் தோன்றியிருக்க வேண்டிய விஷயம் என்று அவனுக்குப் பட்டது.

நேற்று யார் முன்னாலாவது பிளேட்டைப் பற்றிப் பேசினீர்களா என்று உமையாள் டாக்டரைக் கேட்டாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வார்டில் நின்று சிஸ்டரிடம் பேசியது நினைவுக்கு வந்தது. பனைமரத்திலிருந்து விழுந்ததாக முத்தழகு சொல்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை, அவர் என்ன சொன்னால் என்ன, பிளேட்டு உண்மையைச் சொல்லிவிடும் என்று சொன்னாராம். அவர் சொன்னது எக்ஸ்ரே பிளேட்டை.

அது என்ன உண்மை என்று உமையாள் கேட்டாள். டாக்டர் ஹமீதை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் முழங்காலில் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். மடக்கி உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் முன்னால் எதிலாவது பலமாக மோதினால், தொடையெலும்பு பின்னுக்குப் போய்க் கிண்ணத்தின் பின்சுவரை உடைக்கும். முத்தழகுக்கு உடைந்திருப்பது அங்கேதான். முழங்காலிலும் பெரிய காயத்தழும்பு இருக்கிறது. காரிலோ ஜீப்பிலோ முன்சீட்டில் உட்கார்ந்து போய் மோதியவர்களுக்குத்தான் இப்படி உடையும்.

ஹமீது தொடையைத் தடவிக்கொண்டே, மரத்தில் முன்சீட்டு கிடையாது என்று ஒத்துக்கொண்டான்.

வார்டில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. எட்டுப் பேருக்கும் கையோ காலோ கட்டிலோடு கட்டப்பட்டிருந்தது. எழுந்து நடக்கக்கூடியவள் ஒருத்திதான்: முத்தழகின் மனைவி பஞ்சம்மாள். திடமான உடம்பும் இறுக்கமான வாயுமாக, கணவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முத்தழகின் காலிலிருந்து ஒரு கயிறு சக்கரத்தின்மேல் ஏறி, மறுபக்கம் இரும்புக் குண்டோடு தொங்கியது.

உமையாள் ஓரமாக நின்றுகொண்டு, ஹமீதுக்குக் கண்ணைக் காட்டினாள். அதற்கு வாயை அவிழ்த்துவிடு என்று அர்த்தம். ஹமீது முத்தழகை நலம் விசாரித்தான். குண்டைப் பார்த்து, மாமா மீன் பிடிக்கத் தூண்டில் போட்டிருக்காரா, இல்லை மீனுதான் மாமாவைப் பிடிச்சிருக்கா என்று கேட்டான். வார்டு சிரித்தது. எலும்புக்கூட்டுக்குத் தான் சலாம் வைத்த கதையை நடித்துக் காட்டினான். கை உடைந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், கால் உடைந்தவர்கள் கட்டிலைத் தட்டினார்கள். முத்தழகு சிரித்த சிரிப்பில் குண்டு மேலும் கீழும் போய்வந்தது.

பஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவன் மூன்றாவது கதையை ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் முட்ட, எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஹமீதுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆளில்லாத சவுக்குத்தோப்பில் வண்டிமேல் நின்று பேசியபோதுகூடக் காளை காதை ஆட்டி ரசித்ததுண்டு.

காற்று வாங்க வாசலுக்கு வந்தான். அங்கே ஒரு பழைய பட்டாளத்து ஜீப்பு நின்றது. பின்சீட்டில் மிளகாய் மண்டி முதலாளி வீரையா உட்கார்ந்து, தன் டிரைவரின் அக்கா புருஷனான முத்தழகுக்காகத் தான் வாங்கிவந்த வாழைப்பழத்தைத் தானே உரித்துத் தின்றுகொண்டிருந்தார். டிரைவர் வேல்சாமி முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜீப்பின் மூக்கு உள்ளே போயிருந்ததைப் பார்த்து ஹமீது விசாரித்தான். வீரையா பொங்கினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்த வண்டியை ஒரு கோயில் காளை முட்டிவிட்டதாம். வேல்சாமி கண்ணால் பார்த்தானாம். அந்தக் காளையைத் தேடி அவர் சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தொழுவமும் ஏறி இறங்கிவிட்டார். எந்தக் காளைக்கும் நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த நேரத்தில் மண்டபத்திலிருந்து பரமக்குடி போகும் பஸ் வாசலில் வந்து நின்றது. பஞ்சம்மாள் ஒரு மிளகாய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். தூக்க முடியாமல் அவள் திணறுவதைப் பார்த்து, கோபத்தை மறந்து ஹமீது ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்தான். உள்ளே ஏதோ கணீரென்றது.

"மிளகா சங்கீதம் பாடுதே" என்றான்.

"காஞ்ச வத்தல் அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள். பரமக்குடி ஸ்டாண்டில் தன் தங்கச்சி வாங்கிக்கொள்வாள் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போனாள். பஸ் கிளம்பியது.

ஹமீதின் மண்டையில் அப்போதுதான் ஜீப்பின் நசுங்கிய மூக்கும் முத்தழகின் முழங்காலும் ஒன்றாகச் சேர்ந்தன. வார்டு வாசலுக்கு ஓடினான். அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உமையாளிடம் தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தி ரகசியம் சொன்னான். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது முத்தழகு என்றால் ஜீப்பை ஓட்டியவன் வேல்சாமிதான். முதலாளிக்குத் தெரியாமல் வண்டியை எடுத்து மோதிவிட்டு, காளைமேல் பழியைப் போட்டிருக்கிறான். இவன் பஞ்சம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி வேறு. பிளேட்டை எடுத்ததும் இவன்தான்.

அந்த ரகசியம் வாசல் வரைக்கும் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தபோது வேல்சாமி துடைக்கும் துணியை வீசிவிட்டு, முற்றத்துத் தென்னைமரத்தில் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தான். மட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"பாத்தீங்களாக்கா, குத்தமுள்ள நெஞ்சு" என்றான் ஹமீது பெருமையாக.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. அதுதான் விஷயம்" என்றாள் உமையாள். "வண்டி அப்படி மோதினா ஓட்டின ஆளு நெஞ்சில ஸ்டீரிங் இடிச்சிருக்கும். விலா எலும்பு விண்டிருக்கும். அந்த வலியோட ஒரு ஆளு தென்னை ஏற முடியுமா? சாக்குத் தூக்கக்கூட முடியாது. மூச்சை இழுத்துச் சிரிக்கவும் முடியாது. உன் கதைக்குச் சிரிக்காம எந்திரிச்சுப் போனது யாரு, சுல்தான்?"

ஹமீதுக்கு முதலில் தோன்றியது, தன் கதை நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்பதுதான். அந்த நிம்மதிக்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது.

பஞ்சம்மாள் பின்னாலேயே நின்றிருந்தாள். மறுக்கவில்லை. முதலாளி ஊரில் இல்லாதபோதெல்லாம் தம்பியிடம் ஜீப்பு ஓட்டப் பழகியிருக்கிறாள். அன்று கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நயினார்கோவில் சாலையில் ஓட்டிக் காட்டினாள். ஆட்டுமந்தை குறுக்கே வந்தது, வண்டி பாலத்துச் சுவரில் போய் மோதியது. லைசென்ஸ் இல்லை. தெரிந்தால் தம்பிக்கு வேலை போகும், தன்னைப் போலீஸ் பிடிக்கும். அதனால் மூவரும் பேசிவைத்துப் பனைமரத்தையும் காளையையும் சொன்னார்கள். பிளேட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று டாக்டர் பேசியது காதில் விழுந்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. ராத்திரியில் கைக்குக் கிடைத்த பிளேட்டையெல்லாம் எடுத்தவள், வீட்டுப் பழக்கத்தில் துணியை மட்டும் மடித்து வைத்துவிட்டாள்.

சாப்பாட்டுப் பிளேட்டு எப்படிச் சாட்சி சொல்லும் என்று ஹமீது கேட்டான்.

"பாட்டுப் பிளேட்டே பேசுதுல்ல. எது பேசும் எது பேசாதுன்னு நான் எதக் கண்டேன்" என்றாள்.

உமையாள் அவளை உட்காரவைத்தாள். துணியில் சுற்றியிருந்த அந்த வளைந்த இரும்பு எதற்காக என்று மெதுவாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். பஞ்சம்மாளின் இறுகிய வாய் மெல்லத் திறந்தது.

"அது அவரு இடுப்புக்குள்ள வைக்கிறதா? அது இல்லன்னா நடக்க மாட்டாரா?"

"விந்தி விந்தி நடப்பாரு. நட்ட வயல்ல இறங்கிக் குனிய முடியாது. எங்கன வச்சிருக்கீங்க?"

பஞ்சம்மாள் ஹமீதைப் பார்த்தாள். ஹமீது சாலையைப் பார்த்தான். சாக்கைத் தூக்கி வைத்தது அவன் கைதான்.

பஸ் போன புழுதிகூட அடங்கிவிட்டது. ஹமீது தென்னைமரத்தடிக்கு ஓடி வேல்சாமியைக் கூப்பிட்டான். போலீஸ் வரவில்லை என்று சத்தியம் செய்தான். அவன் இன்னும் ஒரு மட்டை மேலே ஏறினான். வீரையாவுக்கு ஓட்டத் தெரியாது, டாக்டருக்கு பிரெஞ்சு தெரியும், ஹமீதுக்கு மாட்டுவண்டி தெரியும். பஞ்சம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். உமையாள் பக்கத்தில் ஏறி, இரண்டு முழங்காலையும் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டாள். ஹமீது பின்னால் தாவியபோது வீரையாவின் மடியில் விழுந்தான்.

என் ஜீப்பை எவள் எடுக்கிறாள் என்று வீரையா கேட்டார்.

"முதலாளி, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றாள் பஞ்சம்மாள்.

அதன் பிறகு நடந்ததை ஹமீது பல ஊர்களில் பலவிதமாகச் சொல்லியிருக்கிறான். உண்மையில் அவன் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மூடாத நேரத்தில் பனைமரங்கள் வேலி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடின. ஒரு மீன்கூடைக்காரி கூடையோடு சுழன்று நின்றாள். காற்று நுழைந்து ஊதியதில் வீரையாவின் சட்டை பலூன் மாதிரி ஆனது. வலியில் பஞ்சம்மாளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, ஆனால் வண்டி நேராகத்தான் போனது. பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கினாள், கோழியைப் பார்த்து ஹாரன் அடித்தாள், திருப்பத்தில் கையைக்கூட நீட்டிக் காட்டினாள்.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றிருந்தது. கேட்டு சாத்தியிருந்தது, இராமேஸ்வரம் ரயில் மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது. ஜீப்பு பஸ்ஸின் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

சாக்கை ரோட்டில் இறக்கி ஹமீது தலைகீழாகக் கொட்டினான். அதுதான் அவன் செய்த தவறு. மிளகாய்த் தூசி எழும்பிக் கடற்காற்றில் ஏறி பஸ்ஸுக்குள் புகுந்தது. பயணிகள் வரிசையாகத் தும்மினார்கள், அதற்குள் கேட்டு திறந்திருந்தது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துத் தும்மியதில் டிரைவர் பஸ்ஸைக் கிளப்பிவிட்டார். வத்தல் குவியலுக்கு நடுவில் பூப்போட்ட பீங்கான் பிளேட்டு, கிராமபோன் பிளேட்டு, வளைந்துபோன எக்ஸ்ரே, அதற்கடியில் முந்தானைக் கிழிசலில் பத்திரமாகச் சுற்றப்பட்ட எஃகுப் பிளேட்டு. பஞ்சம்மாள் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். மற்ற மூன்றையும் யாரும் பொறுக்காததால் ஹமீது பொறுக்கினான்.

திரும்பும் வழியில் வீரையா தும்மிக்கொண்டே வந்தார். தும்மல் அடங்கியதும், அப்படியானால் காளை என்பதே கிடையாதா என்று கேட்டார். கிடையாது என்றாள் உமையாள். அவருக்குக் கோபம் வரும் என்று ஹமீது எதிர்பார்த்தான். ஆனால் அவர் பெருமூச்சு விட்டு, இத்தனை நாளாக வேல்சாமி ஓட்டும்போது ஒருதடவைகூடத் தன் இடுப்பு வலிக்காமல் வீடு போய்ச் சேர்ந்ததில்லை என்று மட்டும் சொன்னார். பஞ்சம்மாளுக்கு லைசென்ஸ் எடுக்க எங்கே போக வேண்டும் என்று உமையாளிடம் விசாரித்தார்.

பிளேட்டை முகர்ந்து பார்த்த டாக்டர், அருள்மேரி சிஸ்டரிடம் வழக்கத்தைவிட அதிக நேரம் கொதிக்கவைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. வெளியே பெஞ்சில் பஞ்சம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹமீது வாயைத் திறக்கவில்லை, சிரித்தால் அவளுக்கு வலிக்கும் என்பதால். மத்தியானத்துக்குச் சற்று முன் டாக்டர் வெளியே வந்து, கிண்ணத்தின் சுவர் பிசகில்லாமல் உட்கார்ந்துவிட்டது, எல்லாத் திருகாணியும் நன்றாகப் பிடித்துவிட்டன, மூன்று மாதத்தில் நடப்பார் என்றார். பஞ்சம்மாள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். உமையாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு கனிவை ஹமீது அதுவரை பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த நாள், கஞ்சி கொடுக்கலாம் என்று சிஸ்டர் சொன்னாள். பஞ்சம்மாள் அடுக்களையில் கெஞ்சி அடுப்பை வாங்கித் தன் கையாலேயே கஞ்சி காய்ச்சி, தேங்காய்த் துவையலோடு கொண்டுவந்தாள். கணக்கை முடிக்க வந்திருந்த உமையாளும் ஹமீதும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். எல்லாம் தெரிந்துவிட்டது, முதலாளியும் மன்னித்துவிட்டார், இனிமேல் பனைமரம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பஞ்சம்மாள் கணவனிடம் சொன்னாள். தன் கையால் அவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்தழகுக்கு மயக்க மருந்து இன்னும் முழுசாகத் தெளியவில்லை போலிருக்கிறது. அல்லது மனசு லேசாகிவிட்டதோ என்னவோ. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ என்ன செஞ்ச புள்ள. நீ நேராத்தான் ஓட்டுன. ஆட்டைப் பாத்ததும் பிரேக்கும் போட்டுட்ட. நாந்தான் பயந்துபோயி அந்தச் சக்கரத்தப் பிடிச்சு என் பக்கமா இழுத்தேன்."

வார்டின் மற்ற ஏழு கட்டில்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன.

பஞ்சம்மாள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வாரப் பொய், திருடிய நாலு பிளேட்டு, விண்ட விலா எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக நடந்து போயின. பிறகு, அவர் வாயருகே கொண்டுபோன கஞ்சிக் கிண்ணத்தைத் திருப்பி ஹமீதிடம் நீட்டினாள்.

"நீ குடி தம்பி" என்றாள். "சூடு ஆறிடும்."

ஹமீது உமையாளைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தழகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துவையலில் உப்பு சரியாக இருந்தது.